மோகனத்தில் விழுந்த அபஸ்வரம்

மருதங்காட்டு அரண்மனையில் சங்கீதத்தை ரசிப்பதற்கும் ஒரு சட்டம் இருந்தது. அதைக் கொண்டுவந்த புண்ணியவான் தானாதிபதி கோதண்டராயர். தமக்குத் தெரியாத வித்தை பூமியில் இல்லை என்பது அவருடைய அபிப்பிராயம். கச்சேரியில் தலையாட்டாதவனுக்கு அன்றைய அரண்மனை விருந்தில் இலை கிடையாது, அவ்வளவுதான் சட்டம். ஊருக்கு ரசனை வந்தால் சரி என்று மன்னர் வீரகேசவரும் முத்திரை வைத்துவிட்டார்.

சோறு கிடைக்கும் என்றால் தலையாட்டுவதில் என்ன கஷ்டம்? அடுத்த கச்சேரியில் சபையே ஆடியது. வீணை பிரகதம்மாள் வந்து உட்கார்ந்து, தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்க ஆரம்பித்தார். "பலே" என்றது முன்வரிசை. "ஆஹா, என்ன ராகம்" என்றது பின்வரிசை. அம்மாள் இன்னொரு தந்தியைத் தட்டிப் பார்த்தார். தளவாய்க்குக் கண்ணீரே வந்துவிட்டது.

பிரகதம்மாள் வீணையை உறைக்குள் போட்டார்.

"மகாராஜா, நான் இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கலை. அதுக்குள்ள இவங்க ரசிச்சு முடிச்சுட்டாங்க. இனி எனக்கு இங்கே என்ன வேலை? ஊருக்குப் போக வண்டி சொல்லுங்க."

மன்னருக்கு முகம் செத்துவிட்டது. சபையின் விகடகவி அம்பலவாணனைத் தேடிப் பார்த்தார். அவன் ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு இலை கிடைக்காத ஒரே ஆள் அவன்தான். அரண்மனையில் பிழைக்கிற எரிச்சலெல்லாம் அந்த வீணையைக் கேட்டால்தான் அவனுக்குத் தீரும். அது ஊரைவிட்டுப் போகிறதே என்று அவனுக்கு மனசு ஆறவில்லை.

"அம்பலவாணரே, நாளைக்குள்ள இந்தச் சபைக்கு ரசிக்கச் சொல்லித்தர முடியுமா?" என்று கேட்டார் மன்னர்.

கோதண்டராயர் குறுக்கே விழுந்தார். "ரசனை என்ன சுண்டலா மகாராஜா, அள்ளிக் கையில கொடுக்க? முடியலைன்னா இவரே வீணையைச் சுமந்துகிட்டு அந்த அம்மாள் பின்னாடி ஊரைவிட்டுப் போகட்டும்."

"போறேன்," என்றான் அம்பலவாணன். "ஆனா நாளைக்கு ஒருநாள் யாரும் தலையாட்ட வேண்டாம்."

மன்னர் சம்மதித்தார். அவன் நேரே பிரகதம்மாளிடம் போனான்.

"அம்மா, இன்னும் ஒரே ஒரு கச்சேரி. மோகனம் வாசிங்க. சுத்தமா வாசிச்சாப் போதும்."

"நான் எப்ப அசுத்தமா வாசிச்சேன்?"

"அந்தக் கோபத்தோடயே வாங்கம்மா," என்று கும்பிட்டுவிட்டு வந்தான்.

சாயங்காலம் அம்பலவாணன் சொன்னபடி தெருத் தெருவாகத் தண்டோரா போட்டார்கள். நாளைக் கச்சேரியில் மோகன ராகம். நடுவிலே ஒரு அபஸ்வரம் விழும். அதைப் பிடிக்கிறவருக்கு அரண்மனை விருந்தில் மன்னருக்குப் பக்கத்து இடம், அதாவது கோதண்டராயர் உட்காரும் இடம்.

கேட்கவேண்டுமா? மறுநாள் சபையில் எள் போட்டால் எள் விழாது. தம் இடத்தைத் தாமே பிடித்துவிடுவது என்று ராயரும் முன்வரிசைக்கு வந்துவிட்டார்.

அம்பலவாணன் எழுந்தான். "ஏழு ஸ்வரத்துல மோகனத்துக்கு அஞ்சுதான். 'ம'ங்கிற மத்திமமும் 'நி'ங்கிற நிஷாதமும் இந்த வீட்டுப் படியேறக் கூடாது. ஏறினா எப்படி இருக்கும்னு அம்மா முதல்ல காட்டுவாங்க."

பிரகதம்மாள் ஐந்தையும் வாசித்தார். சுகமாக இருந்தது. பிறகு அதே இடத்தில் மத்திமத்தை ஒருதரம் நுழைத்தார். பாயசத்தில் கல் கடிபட்ட மாதிரி எல்லோரும் முகம் சுளித்தார்கள். "இன்னொரு தரம்," என்றார் மன்னர். அம்மாள் காட்டினார். நிஷாதத்தையும் காட்டினார்.

பிறகு ராகம் தொடங்கியது. எலிவளைக்கு முன்னால் பூனை உட்கார்ந்திருக்குமே, அப்படி உட்கார்ந்திருந்தது சபை. ஒருவரும் இருமவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் வரும்போது, இது நம்மவரா அந்நியரா என்று காது போய் விசாரித்துவிட்டு வந்தது. விசாரிக்கப் போன காது கொஞ்சம் கொஞ்சமாக அங்கேயே தங்கிவிட்டது. அபஸ்வரம் பிடிக்க வந்ததையே பலர் மறந்தார்கள். தளவாய் வாயைப் பிளந்துகொண்டிருந்தார், கண்ணீர்விட அவருக்கு நினைவில்லை.

அப்போது கோதண்டராயர் எழுந்தார்.

"நிறுத்துங்க. பிடிச்சுட்டேன். இப்ப ஒண்ணு வாசிச்சாங்களே, இப்படி," என்று கழுத்தை நீட்டி, அதைப் பாடியே காட்டினார்.

சபை மொத்தமும் முகம் சுளித்தது.

"யோவ், அது மத்திமம்," என்றார் மன்னர். "அந்த அம்மாள் எங்கே அதை வாசிச்சாங்க? நீர்தான் பாடினீர். உட்காரும்."

"ஆமா, மத்திமம்தான்," என்றது பின்வரிசை. சொன்ன பிறகுதான் மன்னருக்குத் தாம் சொன்னது உறைத்தது. நேற்றுவரை சுருதி சேர்ப்பதற்கும் ராகத்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது.

பிரகதம்மாள் சிரித்துக்கொண்டே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முடித்தபோது ஒருவரும் பலே சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எழுந்துபோக யாருக்கும் மனம் வரவில்லை.

"வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பிடுங்க," என்றார் அம்மாள். "அடுத்த வாரம் கல்யாணி. அதுல வர்ற மத்திமமே வேற. வாங்க, காட்டித்தர்றேன்."

அம்பலவாணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ராயர் விடுவாரா? "மகாராஜா, அம்மாள் கடைசிவரை ஒரு அபஸ்வரம்கூட வாசிக்கலை. இவர் போட்டது பொய்த் தண்டோரா."

"கச்சேரியில விழும்னுதான் சொன்னேன், வீணையில விழும்னு சொல்லலையே," என்றான் அம்பலவாணன். "விழுந்துச்சு. சபையே சேர்ந்து பிடிச்சுது."

"இத்தனை பேரை ஒரு இடத்தில எப்படி உட்காரவைக்கிறது?" என்றார் மன்னர். "ராயரே, எல்லாருக்கும் இலை போடச் சொல்லும். அந்தச் சட்டத்தையும் கிழிச்சுப் போடும்." பிறகு தம் சரிகைச் சால்வையை எடுத்து அம்பலவாணனுக்குப் போர்த்தினார். போர்த்தும்போதே அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அது சரி, அபஸ்வரம் விழும்னு முந்தின நாளே எப்படிய்யா அவ்வளவு உறுதியாச் சொன்னீர்?"

அம்பலவாணன் சால்வையைச் சரிசெய்துகொண்டான்.

"தண்டோராவை முதல்ல ராயர் வீட்டு வாசல்லதான் போடச் சொன்னேன், மகாராஜா."

மன்னர் சிரித்த சிரிப்பு எந்த ராகத்திலும் சேரவில்லை.