எடைக்கு எடை வெல்லம்

இக்கதையை 1991ஆம் ஆண்டு ஆவணி மாதம், மதுரைக்கு வடக்கே கரும்பு விளையும் ஓர் ஊரைச் சேர்ந்த திருமேனி என்பவரிடம் கேட்டேன். அவர் முப்பது ஆண்டுகள் ஆலைக் கொட்டகையில் பாகு காய்ச்சியவர். அப்போது சர்க்கரை நோயால் வலது காலின் மூன்று விரல்களை இழந்து, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் படுத்திருந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து அவரிடமே மறுபடியும் கேட்டேன். இரண்டு முறையும் கதை ஒன்றுபோலவே இருந்தது. பேச்சுகளை அவர் சொன்னபடியே வைத்திருக்கிறேன்.

ஒரு நாட்டில் மூன்று ஆண்டுகள் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. நான்காம் ஆண்டு மழை பெய்தபோது உயிரோடு எஞ்சியவர்களின் விலா எலும்புகளை எண்ண முடிந்தது. அதைக் கண்ட அரசன் மனம் கலங்கி ஓர் ஆணையிட்டான். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் ஒரு நாள், குடிகள் எல்லாரும் அரண்மனைத் துலாக்கூடத்துக்கு வரவேண்டும். ஒரு தட்டில் ஆள் உட்கார வேண்டும். மறுதட்டில் அவரவர் எடைக்கு எடை வெல்லம் வைத்து அரண்மனை கொடுக்கும். முதலாண்டு, தராசில் ஏறிய தாய்மார்கள் அழுதார்கள். அரசனும் அழுதான் என்று சொல்வார்கள்.

அவ்வளவு வெல்லத்துக்குக் கரும்பு வேண்டியிருந்தது. ஏரிப் பாசனத்து நிலம் முழுவதும் கரும்பே இட வேண்டும் என்று அடுத்த ஆணை வந்தது. கேழ்வரகும் வரகும் விளைந்த இடங்களில் அவை இல்லாமற் போயின.

ஆள் கனத்தால் வெல்லம் கூடும் என்பது குடிகளுக்கு விளங்க நெடுநாள் ஆகவில்லை. துலா நாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீடுகளில் அடுப்பு அணையாது. அன்று காலையில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். சேலையை நனைத்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். மாலையில் நாட்டின் மொத்த எடையைக் கூட்டி முரசறைவார்கள். ஆண்டுக்கு ஆண்டு அது ஏறியது. அண்டை நாட்டரசர்களுக்கு அந்த எடையை எழுதி ஓலை போயிற்று.

பன்னிரண்டு ஆண்டுகள் அந்தத் துலாத்தைப் பிடித்தவன் காராளன்.

பத்தாம் ஆண்டுவாக்கில் புது நோய் ஒன்று பரவியது. கனத்த உடம்புக்காரர்களுக்குத் தாகம் தீரவில்லை. அவர்கள் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. காலில் பட்ட சிறு கீறல் ஆறாமல் அழுகியது. பழைய அரசன் இறந்து மகன் பட்டத்துக்கு வந்ததும் வெல்லம் கொடுப்பதை நிறுத்தினான். கரும்பை நிறுத்தவில்லை. காராளன் வேலை இழந்து, ஊருக்கு வெளியே மடம் வைத்துப் புண்ணுக்கு மருந்திட்டு வந்த உலகம்மை என்னும் துறவியிடம் சீடனானான். அவள் அவனைவிடப் பத்து வயது இளையவள். அவன் அவளைத் தாயே என்றான். அவள் அவனைப் பெயரோடு ‘ரே’ சேர்த்து அழைத்தாள்.

ஒரு நாள் காராளனின் தம்பி பூவணனை வண்டியில் கொண்டுவந்தார்கள். இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. இடது பாதம் கறுத்திருந்தது. உலகம்மை கட்டைப் பிரித்துப் பார்த்து, முழங்கால் வரை விரலால் அழுத்திக்கொண்டே போனாள்.

“வலிக்குதா?”

“எங்க தாயே அழுத்துறீங்க?” என்றான் பூவணன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். “முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். நாளைக்குள்ள. எங்கிட்ட எண்ணெயும் தழையும்தான் இருக்கு. கால் எடுக்கிற கருவியும் ஆளும் அரண்மனை வைத்தியசாலையிலதான்.”

காராளனுக்கு அந்த இடம் தெரியும். புதிய அரசன் கட்டிய வைத்தியசாலை அது. அதன் வாயிற்கல்லில் ஓர் ஆணை வெட்டப்பட்டிருந்தது. தன் வாயால் நோயைத் தேடிக்கொண்டவனுக்கு உள்ளே இடமில்லை. பிறர் செயலால் நோயுற்றவனுக்கு உண்டு. பிறர் செயலே என்பதைக் கண்ணால் கண்ட அல்லது காதால் கேட்ட ஒருவர் ஓலையில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

“தாயே, நீங்களே சொல்லுங்க,” என்றான் காராளன். “இது யார் குத்தம்? இவன் வாயா, அரண்மனையா?”

“வண்டியில ஏறுங்க. போய்க்கிட்டே பேசலாம்.”

வண்டி போனது. இரு பக்கமும் கரும்பு. பூவணன் காய்ச்சலில் கண் மூடிக் கிடந்தான். காராளன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“ஆறாம் வருசமே எனக்குத் தெரியும் தாயே. தண்ணி குடிச்சிட்டு வர்றவங்களைத் தடுக்கட்டுமான்னு, துலாக்கூடத்துக்குப் பொறுப்பா இருந்த பழைய தளவாய்கிட்டக் கேட்டேன். ‘தடுக்காதே. எடை கூடினா அரண்மனைக்குப் பெருமை’ன்னார். பத்தாம் வருசம் ஒருத்தன் துலாத்திலயே மயங்கி விழுந்தான். கால் அழுகுற சேதியை நானே போய்ச் சொன்னேன். ‘இத்தனை கரும்பையும் நட்டாச்சு. வெல்லம் எங்கே போகும்? நீ தராசைப் பிடி’ன்னார்.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“தராசைப் பிடிச்சேன்.”

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

“இதை வேற யார் கேட்டாங்க?”

“யாருமில்ல. தளவாயும் செத்துட்டார்.”

“அப்ப ஓலை எழுத ஒரே ஆள்தான் இருக்கார்.”

“அரண்மனைக் கூடத்துப் பேச்சை வெளியில சொன்னவனுக்கு வலது கை மணிக்கட்டோட போகும் தாயே. அதுவும் சட்டம்தான்.”

அவள் குனிந்து பூவணனின் பாதத்துக் கட்டைச் சரிசெய்தாள்.

வைத்தியசாலை வாயிலில் நாகலிங்கம் என்னும் மணியக்காரர் இருந்தார். எதிரில் ஒரு கற்பலகை. அதன்மேல் வெற்றோலைகளும் எழுத்தாணியும். அவர் வண்டியை எட்டிப் பார்த்தார்.

“யப்பா! ஆளா, ஆலையா?”

பூவணன் கண் திறந்தான். “ரெண்டும்தான் மணியக்காரரே. எறும்பு வந்து வரிசையில நிக்குது பாருங்க.”

மணியக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். “கேக்க வேண்டியதக் கேட்டுர்றேன். இந்த நோய் உன் வாயால வந்துச்சா?”

“எல்லாரும் வாயாலதான திங்கிறாங்க? நீங்க எதால திங்கிறீங்க?”

“விளையாடாதப்பா. உன்னை எவனாவது கையைக் கட்டிப் போட்டுத் திங்க வச்சானா?”

“இல்ல.”

“திங்காதேன்னு எவராவது சொன்னாங்களா?”

“இந்தத் தாயே சொன்னாங்க. எட்டு வருசத்துக்கு முன்னால. மடத்து வாசல்ல நிக்க வச்சுச் சொன்னாங்க. சரின்னு தலையாட்டிட்டு, வீட்டுக்குப் போற வழியிலேயே ஒரு அச்சு வெல்லத்தக் கடிச்சேன்.” மூச்சு வாங்கினான். “பஞ்சத்துல எம்புள்ளைங்க ரெண்டும் செத்துச்சு மணியக்காரரே. அதுக்கப்புறம் வாயில ஏதாவது இல்லாம எனக்கு இருக்க முடியல. தித்திப்பா இருந்துச்சு. தின்னேன். பொய் எதுக்கு?”

“தம்பி, பேசாம இரு,” என்றான் காராளன்.

“நீ எதுக்குண்ணே பதறுற? துலா நாளைக்கு ரெண்டு குடம் தண்ணி குடிச்சிட்டு ஏறுவேன் மணியக்காரரே. ஒரு தடவ தட்டுலேயே வாந்தி எடுத்தேன். தராசு பிடிச்சது எங்கண்ணந்தான். பாத்தும் பாக்காத மாதிரி மேல பாத்துக்கிட்டு நின்னான். அவன் மூஞ்சியைப் பாத்து எனக்குச் சிரிப்பு தாங்கல.”

மணியக்காரர் காராளன் பக்கம் திரும்பினார். “துலாக்காரர் நீங்கதானா? கூடத்துல அப்படி விட்டாங்களா? யாராவது விடச் சொன்னாங்களா?”

காராளன் வாயிற்கல்லைப் பார்த்தான்.

“எனக்கு நினைவில்லை,” என்றான்.

பூவணன் அண்ணனைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

“அப்ப என்னால ஒண்ணும் ஆகாது,” என்றார் மணியக்காரர். அவர் குரலில் கடுமை இல்லை. “தானே தின்னேன்னு அவனே சொல்லிட்டான். பிறர் செயல்னு எழுத ஆள் இருந்தா எழுதச் சொல்லுங்க. அந்திமுரசு வரைக்கும் வாயில் திறந்திருக்கும். எனக்கும் இது பிடிச்ச வேலை இல்ல. நேத்து ஒரு பொம்பளயத் திருப்பி அனுப்பினேன்.”

உலகம்மை கற்பலகைக்கு எதிரில் உட்கார்ந்தாள். எழுத்தாணியை எடுத்து எழுதினாள். நீண்ட நேரம் ஆகவில்லை. மணியக்காரர் ஓலையை வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

“‘இவனுக்கு ஒரு முறை சொன்னேன். மறுமுறை சொல்லவில்லை. மடத்துக்கும் ஆண்டுதோறும் அரண்மனை வெல்லம் வந்தது. பன்னிரண்டு ஆண்டும் வாங்கிக்கொண்டேன். வாங்கியதால் அரண்மனை வாசலில் போய் ஒரு சொல்லும் சொல்லவில்லை. உலகம்மை.’” அவர் நிமிர்ந்தார். “தாயே, இது உங்களப் பத்தியில்ல இருக்கு? நான் கேட்டது இவனைப் பத்தி. அரண்மனை செஞ்சதைப் பாத்தேன், கேட்டேன்னு ஒரு வரி போடுங்க. இப்பவே உள்ள விடுறேன்.”

“நான் அந்தக் கூடத்துக்குள்ள போனதில்ல.”

“போனதா எழுதினா யார் கேக்கப் போறா?”

“இதே வாசலுக்கு நாளைக்கு ஒருத்தர் வருவார். அவருக்கும் போனதா எழுதணும். நாலாவது ஓலையில என் எழுத்துக்கு மதிப்பு இருக்காது. அப்புறம் உண்மையா எழுத வர்றவங்க ஓலையும் செல்லாது.”

அவள் எழுத்தாணியைக் கற்பலகையின் விளிம்பில் வைத்தாள். எழுந்து வண்டி நிழலில் போய் நின்றாள்.

வெயில் சாய்ந்தது. வாயிலுக்கு உள்ளே யாரோ கொதிநீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பூவணன் இரண்டு முறை தண்ணீர் கேட்டான். காராளன் கொண்டுபோய்க் கொடுத்தான். கொடுத்துவிட்டுக் கற்பலகைக்கு அருகே வந்து நின்றான். வலது கையை இடது கையால் பிடித்திருந்தான். மணியக்காரர் ஒரு வெற்றோலையை எடுத்து அவன் பக்கமாகச் சற்றே தள்ளி வைத்தார்.

அந்திமுரசு ஒலித்தது. வாயிலைச் சாத்தினார்கள்.

அவர்கள் வண்டியை அங்கேயே, மதிலை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் உச்சிப் பொழுதில் பூவணன் இறந்தான். சாகும்வரை அவன் அண்ணனிடம் எதுவும் கேட்கவில்லை. கடைசியாக உலகம்மையிடம் வாய் கசக்கிறது என்றான்.

பாடை கனம் தாங்காது என்று, கிடத்திய வண்டியோடே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். எரிந்து அடங்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காராளன் மடத்துக்குத் திரும்பினான். உலகம்மை ஒரு கிழவரின் பாதத்தில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். அவன் முற்றத்திலேயே நின்றான்.

“ஒரு பொய் எழுதியிருந்தா அவன் பிழைச்சிருப்பான்,” என்றான்.

“ஆமா.”

“உங்க ஓலை சுத்தமா இருக்கணும்னு எந்தம்பி செத்தான்.”

“அதையும் என் பங்குல சேத்துக்கிட்டேன்.”

அவள் கட்டின் முடிச்சைப் போட்டு முடித்தாள். கிழவர் தடியை ஊன்றி எழுந்து போனார். காராளன் அசையவில்லை.

“அன்னைக்குக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல தாயே. குத்தம் யாருடையது? அவன் வாயா? அரண்மனையா?”

உலகம்மை கையைக் கழுவிக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

“உங்க தம்பி அவர் பங்கைச் சொன்னார். என் பங்கை நான் எழுதினேன். அரண்மனையோட பங்கு உங்க வாய்க்குள்ள இருந்துச்சு. எழுத்தாணி முரசு அடிக்கிற வரைக்கும் அங்கேயேதான் கிடந்துச்சு, காராளரே.”

திருமேனி இவ்விடத்தில் கதையை முடித்துவிடுவார். காராளன் என்ன சொன்னான் என்று கேட்டதற்கு, அவன் ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

பிறர் வேறு விதமாக முடிக்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கம் நான் கேட்ட ஒரு வடிவத்தில், மணியக்காரரே மனமிரங்கிப் பின்வாயிலைத் திறந்துவிடுகிறார். உள்ளே போன பூவணன் பிழைத்துக்கொள்கிறான். மணியக்காரருக்கு வேலை போகிறது. மருதாயி என்னும் கூலிப்பெண் 1996இல் சொன்ன வடிவத்தில் காராளன் எழுதுகிறான். தம்பியை உள்ளே விடுகிறார்கள். அன்று மாலைக்குள் தம்பியின் காலும் அண்ணனின் கையும் ஒரே வைத்தியரால், ஒரே கட்டிலில் வைத்து எடுக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டு ஏரி நிலத்தில் பாதிக்குக் கேழ்வரகு விதைக்க உத்தரவாகிறது. இவ்வடிவத்தைத் திருமேனியிடம் இரண்டாம் முறை சென்றபோது படித்துக் காட்டினேன். அப்படி எவரும் எழுதியதாகத் தாம் கேள்விப்பட்டதில்லை என்று மட்டும் சொன்னார்.