மருதமரத்துக்கு வந்த இலைகள்

ஒரு மலையடிவாரக் காட்டில், ஆற்றங்கரை மருதமரம் ஒன்றில் செம்பி என்ற பெண் மலையணில் தனியாக வாழ்ந்தது.

அந்தக் காட்டு விலங்குகள் தேக்கிலையில் கீறி ஒன்றுக்கொன்று கடிதம் எழுதும். பச்சைப்புறாக்கள் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கும். மற்ற விலங்குகளுக்கெல்லாம் பெரிய ஆலமரம்தான் விலாசம். அங்கே ஒரு மந்தி கடிதங்களைப் பார்த்து, வேண்டாத இலைகளைக் கிழித்துப் போட்டுவிடும். செம்பிக்கு மட்டும் சொந்த விலாசம். இலையில் 'மருதமரம்' என்று இருந்தால் போதும். யார் பெயர் போட்டிருந்தாலும் புறா அங்கே போட்டுவிட்டுப் போய்விடும்.

"தனியாகக் கிடந்து ஏன் கஷ்டப்படுகிறாய்? ஆலமரத்துக்கே வந்துவிடு!" என்று மந்தி பலமுறை கூப்பிட்டது.

"என் தம்பிக்கு இந்த மரம்தானே தெரியும்! நான் மாறிவிட்டால் அவன் எங்கே எழுதுவான்?" என்றது செம்பி.

தம்பியின் பெயர் தவிடன். இரண்டு வருஷத்துக்கு முன் மழை பொய்த்தபோது, பழமுள்ள இடம் தேடி மலையைத் தாண்டிப் போனது. "இடம் கிடைத்ததும் எழுதுகிறேன், அக்கா! அதுவரை மரத்தை விட்டுவிடாதே!" என்று சொல்லிவிட்டுப் போனது. அன்றிலிருந்து, சிறகுச் சத்தம் கேட்டாலே செம்பி கிளை நுனிக்கு ஓடும்.

ஒருநாள் செம்பி பழம் வாங்க நரியின் சந்தைக்குப் போனது.

"உன் விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போ! நல்ல பழம் வந்தால் இலை அனுப்புகிறேன்!" என்றது நரி.

செம்பி சொன்னது. நரி அதைக் காடு முழுக்கப் பரப்பிவிட்டது.

மறுவாரமே இலைகள் கொட்டத் தொடங்கின. 'உன் வாலைப் பளபளப்பாக்கும் எண்ணெய்!' என்றது ஒன்று. 'உனக்கு ஏழு பலாப்பழம் பரிசு விழுந்திருக்கிறது! பொந்துக்கு வழி சொல்!' என்றது இன்னொன்று. ஒவ்வொரு முறையும் செம்பி ஆசையோடு ஓடிப்போய் எடுக்கும். படித்துவிட்டுக் கீழே போடும்.

அப்போதுதான் அந்த இலை வந்தது.

'அன்புள்ள அணிலே! உன் சொந்தக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். நாளை உச்சிவெயிலில் கரும்பாறைக்குத் தனியாக வா!'

எழுதியது யார் என்று செம்பி யோசிக்கவில்லை. இரண்டு வருஷமாக எதிர்பார்த்த செய்தி அல்லவா! பொழுது விடிந்ததுமே ஓடியது. கரும்பாறைக்குப் பின்னால் இருந்தது மலைப்பாம்பு! அது பாய்ந்த வேகத்தில் செம்பியின் வால்முடி பாதி அதன் வாயோடு போயிற்று. எப்படியோ மரமேறித் தப்பித்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதது. வால்முடி போனதைவிட, தம்பி வரவில்லை என்பதுதான் அதற்கு வலித்தது.

"இனி ஒரு குப்பையும் என் மரத்தில் ஏறக் கூடாது!" என்று சொல்லி, இலைகளை மரத்தடியிலேயே போடும்படி புறாக்களிடம் கேட்டுக்கொண்டு, முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றியை அங்கே காவல் வைத்தது.

"என் பெயர் சரியாக இருக்க வேண்டும். எழுத்து எனக்குத் தெரிந்தவர்களுடையதாக இருக்க வேண்டும். என் தம்பியின் எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கும், இதோ பார்! இவை தவிர மற்ற எதையும் இந்த மரத்தடிக் குழியில் தள்ளிவிடு. என்னிடம் கேட்கவும் வேண்டாம்!"

"அப்படியே செய்கிறேன்!" என்றது முள்ளாண்டி. சொன்னபடியே செய்தது. மரம் அமைதியானது. செம்பி நிம்மதியாகத் தூங்கியது.

கோடை முடியும் நேரத்தில் பலத்த காற்று வீசி செம்பியின் கூட்டைக் கலைத்துவிட்டது. கூடு வேய இலை வேண்டும். குழியில்தான் நிறையக் கிடக்கிறதே! இறங்கிப்போய் ஒவ்வொன்றாக உருவியது. ஓர் இலையில் அதன் கை நின்றுவிட்டது.

'பஞ்சு அக்கா! முன்னங்கால் ஒடிந்துவிட்டது. நீர்நாய் அண்ணனிடம் சொல்லி எழுதச் சொல்கிறேன். அக்கரை இலுப்பைமரம் வரை வந்துவிட்டேன். இதற்கு மேல் தாவ முடியவில்லை. பூ உதிர்ந்து முடியும்வரை இருப்பேன். பதில் வராவிட்டால், நீ அங்கே இல்லை என்று புரிந்துகொள்கிறேன்.'

செம்பியைப் பஞ்சு என்று கூப்பிடுவது உலகத்தில் தவிடன் ஒருவன்தான்.

"முள்ளாண்டி! இதை ஏன் தள்ளினாய்?"

"இந்த மரத்தில் பஞ்சு என்று யாரும் இல்லையே! எழுத்தும் சாய்ந்திருக்கவில்லை. கேட்க வேண்டாம் என்று நீதானே சொன்னாய்?"

செம்பி அந்த இலையை வாயில் கவ்விக்கொண்டது. கிளைக்குக் கிளை தாவி, ஆற்றின் மேற்பக்கம் சுற்றிக்கொண்டு அக்கரைக்கு ஓடியது. இலுப்பைமரத்தில் பூ இல்லை. காய் முற்றியிருந்தது. மரத்தடியில் நீர்நாய் மட்டும் படுத்திருந்தது.

"நீயா அவன் அக்கா? உன் மரத்து உச்சி இங்கிருந்து தெரியும். அதையேதான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் உச்சிக்கிளை அசைந்தது. 'அக்காவா பாருங்கள் அண்ணா!' என்றான். வயதாகிவிட்டது, ஆற்றை நீந்திக் கடந்து வந்து பார்க்க முடியாது, என் கண்ணும் அவ்வளவு தூரம் எட்டாது. காற்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்."

"எங்கே போனான்?"

"மலைமேல். நொண்டிக்கொண்டே போனான். எந்த வழியாகப் போனான் என்று எனக்குத் தெரியாது, அம்மா."

செம்பி அந்த மரத்தில் ஏறி, தம்பி உட்கார்ந்திருந்த கிளையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு ஏழு இலைகளில் கடிதம் எழுதிப் புறாக்களிடம் கொடுத்தது.

"எந்த மரத்துக்கு?" என்று கேட்டது ஒரு புறா.

"தெரியவில்லை. மலைமேல் ஒவ்வொரு மரத்திலும் கேளுங்கள்!"

திரும்பி வந்ததும் காவல் விதியை மாற்றியது. நரியிடம் போய், "இனி எனக்குச் 'சந்தையணில்' என்றே எழுது" என்றது. நரி அந்தப் பெயரையும் காடு முழுக்கப் பரப்பும் என்று செம்பிக்குத் தெரியும்; எனவே அந்தப் பெயரில் எது வந்தாலும், யார் அனுப்பினாலும், அது நரி பரப்பிய குப்பை. முள்ளாண்டி அதை நேரே குழியில் தள்ளியது. சந்தேகமான மற்ற இலைகளை நனையாத பொந்தில் சேர்த்தது. மாலைதோறும் செம்பி அவற்றை ஒன்றுவிடாமல் பார்க்கும்.

"இன்றைக்கும் எண்ணெய், பலாப்பழம்தானா?" என்று கேட்கும் முள்ளாண்டி.

"ஆமாம். நாளைக்கும் எடுத்து வை!" என்று சொல்லிவிட்டு, செம்பி மலையைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும்.

வேண்டாதவர்களைத் தடுக்கக் கதவை அடைக்கும்போது, நாம் காத்திருக்கும் ஒருவர் வேறு பெயரில் வந்து தட்டினாலும் கேட்கும்படி அடைக்க வேண்டும்.