சின்சில்லாவுக்குத் துணைக்கு மூன்று பேர்

மந்தாரப்பட்டி நகராட்சிப் பூங்காவில் மொத்தம் மூன்று ஊழியர்கள். கண்காணிப்பாளர் பிச்சாண்டி வழுக்கையை டோப்பாவால் மறைத்தவர். ஒச்சப்பனுக்கும் சூசைக்கும் சொந்த முடி. அறிவில் மட்டும் மூவருக்கும் வித்தியாசம் கிடையாது.

ஒருநாள் தென் அமெரிக்க மலைப்பக்கத்து சின்சில்லா ஒன்று கூண்டில் வந்து இறங்கியது. வால் அணில் மாதிரி, மென்மை முயல் மாதிரி, ஆனால் எலி இனம். கூடவே ஒரு குறிப்புத்தாளும் மேலிடத்துக் கடிதமும். வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார். பிராணி நன்றாக இருந்தால் வேலை நிலைக்கும், வாடியிருந்தால் பூங்காவை இழுத்து மூடிவிடுவார்களாம்.

பிச்சாண்டி தாளை வாசித்தார். "'இது கூட்டமாக வாழும். தனியாக விட்டால் ஏங்கிப்போகும்.'"

"கூட்டத்துக்கு எங்க சார் போறது?" என்றான் ஒச்சப்பன்.

"நாம மூணு பேரு, அது ஒண்ணு. நாலு சேந்தா கூட்டம்தானே?" என்றான் சூசை.

"நம்மள மனுசங்கன்னு அது கண்டுபிடிச்சிட்டா?" என்றார் பிச்சாண்டி.

இது மூவரையும் வெகுநேரம் வாட்டியது. கடைசியில், அது செய்வதையெல்லாம் தாங்களும் செய்வதென்று முடிவானது.

'குளிர்ச்சி வேண்டும்' என்றிருந்தது. ஏசி உள்ள ஒரே அறை பிச்சாண்டியுடையது. நால்வரும் அங்கே குடியேற, சின்சில்லா அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. 'தண்ணீர் ஆகாது, தூசியில் புரண்டு குளிக்கும்' என்றிருந்தது. பழைய கோப்புகளைத் தட்டியதில் தூசிக்குப் பஞ்சமே இல்லை. 'பல் வளர்ந்துகொண்டே இருக்கும், மரம் கடிக்க வேண்டும்' என்றதால் மேசைக் காலைக் கடித்தார்கள். 'பகலில் தூங்கும்' என்ற வரிக்கு மட்டும் யாரும் புதிதாகப் பழக வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். சின்சில்லாவை அவரும் கண்டதில்லை. கையில் அதே தாளின் நகல் இருந்தது. நாற்காலியில் சின்சில்லா தூங்கிக்கொண்டிருந்தது. மேசைக்கடியில் தூசி அப்பிச் சாம்பல் நிறத்தில் மூன்று உருவங்கள் சுருண்டு கிடந்தன.

"கூட்டம், சரி. தூசி, சரி. தூக்கம், ரொம்பச் சரி," என்று குறித்துக்கொண்டே போனவர் கடைசி வரியில் நின்றார். 'பிடித்தால் கொத்தாக முடியை விட்டுவிட்டுத் தப்பும்.'

சோதிக்காமல் கையெழுத்துப் போட முடியுமா? இருப்பதில் பெரிய தலையை எட்டிப் பிடித்தார். டோப்பா கையோடு வந்தது. பிச்சாண்டி பீரோவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தார்.

"அசல் சின்சில்லா!" என்று அதிகாரி மகிழ்ந்துபோனார்.

மறுவாரம் உத்தரவு வந்தது. மூன்று பிராணிகளும் நலம், பூங்கா தொடரலாம். ஆனால் பணி நேரத்தில் நாற்காலியில் தூங்கிய கண்காணிப்பாளர் மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

மெமோவைப் பயபக்தியோடு நாற்காலியில் வைத்தார்கள். சின்சில்லா முகர்ந்து பார்த்துவிட்டு ஓரத்திலிருந்து தின்ன ஆரம்பித்தது.

"நீங்க சூப்ரண்டா இருந்தப்ப இந்தத் தைரியம் வந்துச்சா சார்?" என்றான் சூசை.

"இல்லப்பா," என்று மனதார ஒப்புக்கொண்ட பிச்சாண்டி, மறுபடி மேசைக் காலைக் கடிக்கப் போனார்.