மைனாவின் பெட்ரோல் வால்வு

"மேடம், மைனாவை இப்படிப் பாழாக்கிட்டீங்களே?"

கேட்டவர் கேப்டன் அருளப்பன். முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டுகிறவர். பல வருடம் கழித்து, தான் பறக்கக் கற்ற ஃபிளையிங் கிளப்புக்கு வந்து, சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மைனா என்பது இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். அதில் அவருக்குப் பறக்கச் சொல்லிக் கொடுத்தவர் ரெஜினா மேடம்.

"என்னப்பா பாழாயிடுச்சு?"

இருக்கைகளுக்கு நடுவில் இருந்த பெட்ரோல் வால்வைக் காட்டினார். சுற்றிலும் புதுத் தகடு. இடது டேங்க், வலது டேங்க், எத்தனை லிட்டர், எல்லாம் கொட்டை எழுத்தில். மூடும் இடம் மட்டும் சிவப்பில்.

"அப்பல்லாம் ஒரு எழுத்து கிடையாது. தேஞ்ச தகரம். உங்க நெயில் பாலிஷ்ல வச்ச ரெண்டு புள்ளி. அதைப் பாக்கத்தான் மேடம் இவ்ளோ தூரம் வந்தேன்."

"சட்டம் அப்படி. எழுதித்தான் ஆகணும்."

"எனக்கு எதுக்கு? கண்ணைக் கட்டிவிட்டாலும் திருப்புவேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் அவர் மகள் ஜெசிந்தா கையாட்டினாள். அப்பா பழகிய விமானத்தில் அப்பாவோடு பறக்க வந்திருக்கிறாள்.

"முதல்ல என்னை ஏத்து," என்றார் மேடம்.

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருந்தது. என்ஜின் ஓடியது. மேடம் கைக்குட்டையை வால்வின் மேல் போர்த்தினார்.

"இடதுல இருக்கு. வலதுக்கு மாத்து."

அருளப்பன் துணிக்கு அடியில் கையை விட்டுத் திருப்பினார். பாதியில் தடுத்தது. சிரித்துவிட்டார்.

"இன்னும் அதே முரண்டு!"

அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தபடி அழுத்தித் திருப்பினார்.

"நான் முதல்ல தனியாப் பறந்துட்டு இறங்கினேனே, ஞாபகம் இருக்கா மேடம்? வழக்கப்படி தலையில ஒரு வாளித் தண்ணி ஊத்தினீங்க. ஊத்திட்டு அழுதீங்க."

"நான் எங்கடா அழுதேன்?"

"அழுதீங்க. நான் பாத்தேன். அன்னிக்கு மாதிரி ஒரு நாள் அப்புறம் எனக்கு..."

என்ஜின் இருமியது. நின்றது.

புல்லில் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

மேடம் கைக்குட்டையை எடுத்தார். கைப்பிடியின் முனை சிவப்பு எழுத்தில் இருந்தது.

"வால்வும் புதுசுடா. தடுத்துச்சே, அந்த இடம்தான் வலது. தெரியாம மூடிடக் கூடாதுன்னு அதுக்கு மேல போக விடாது. அழுத்தினாத்தான் போகும்."

அருளப்பன் வேலிப் பக்கம் பார்த்தார். ஜெசிந்தா இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

மேடம் கைப்பையைத் துழாவி ஒரு தகரத் துண்டை எடுத்துக் கொடுத்தார். தேய்ந்த தகரம். அதில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

"நீ என்னிக்காவது வந்து கேப்பேன்னு எடுத்து வச்சேன். சட்டைப் பையில வச்சுக்க."

வால்வை இடதுக்குத் திருப்பிவிட்டு இறங்கினார். ஜெசிந்தாவைக் கூப்பிட்டுத் தன் இடத்தில் ஏற்றிவிட்டார்.

"போலாமாப்பா?"

"இரும்மா."

அருளப்பன் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, புதுத் தகட்டில் விரல் வைத்து, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.