காணாமல் போன பதினாலு சட்டை

அந்தப் பனியன் கம்பெனியின் மேல்மாடியில் ஐம்பது மெஷின். ஐம்பதும் ஒன்றாய் ஓடுகிற சத்தத்துக்குள்ளும், ஒன்று நின்றால் மேனேஜர் ஜெசிந்தாவுக்குக் கேட்டுவிடும். எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்பாள். கத்தமாட்டாள். அவள் சூப்பர்வைசராக இருந்த காலத்திலும் கத்தினதில்லை என்பார்கள்.

அவளைவிட நாலு வயசு மூத்தவள் துளசிமணி. மெஷினில் தைத்துக்கொண்டிருந்த அவளை எழுப்பிச் சூப்பர்வைசர் ஆக்கினது ஜெசிந்தாதான். சூப்பர்வைசராகி அன்றைக்கு அவளுக்குப் பதினோராவது நாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது.

நாலு மணிக்குச் சரக்கைப் பார்க்க, வாங்குகிற கம்பெனி ஆட்கள் வருகிறார்கள். சின்னப் பிள்ளைகள் போடுகிற மஞ்சள் சட்டை. மதியம் எண்ணினால் பதினாலு சட்டை குறைகிறது.

எங்கே போயிருக்கும்? தப்பாய்த் தைத்ததை யாரோ ஒளித்திருக்கிறார்கள். பத்து நாளாய்த் துளசிமணி தப்பான சட்டையைத் தூக்கிப் பிடித்து, தைத்தவள் பேரைச் சொல்லி மாடி முழுக்கக் காட்டிக்கொண்டு இருந்தாள். யார்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

"எல்லாரும் சாப்பாட்டுப் பையைக் கவுத்துக் கொட்டுங்க," என்றாள்.

கொட்டினார்கள். டப்பா, கரண்டி, தலைவலி மாத்திரை, திருநீறு மடித்த காகிதம். சட்டை இல்லை.

"சூப்பர்வைசரக்கா, ரசத்துக்குள்ள கைய விட்டுப் பாருங்க. அடியில கிடந்தாலும் கிடக்கும்," என்றாள் ரமீஜா. அந்த மாடியில் கைசுத்தமாய்த் தைக்கிறவள் அவள். வாயும் அப்படித்தான்.

எல்லாரும் சிரித்தார்கள். துளசிமணிக்கு முகம் சுட்டது.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. யார் கைன்னு தெரியட்டும். இன்னிக்கே அவளை வீட்டுக்கு அனுப்பலைன்னா நான் இந்த வேலையில இல்லை."

சிரிப்பு நின்றுபோனது. மூலையில் கோகிலவாணி ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்று, வேலைக்குத் திரும்பி மூணு வாரம்தான் ஆகிறது அவளுக்கு.

துளசிமணி நேரே ஜெசிந்தாவின் மேசைக்குப் போனாள்.

"கிடைக்கலீங்க மேடம்."

"உக்காருங்கக்கா. தண்ணி குடிங்க."

"இறங்காதுங்க மேடம். ஒண்ணு கேக்கட்டுங்களா? காலையில இருந்து கத்துறேன், ஒருத்தி மதிக்கல. நீங்க ஒரு நாளும் குரல் ஒசத்துனதில்ல. உங்க பேச்சு மட்டும் எப்படி எடுபடுது?"

ஜெசிந்தா தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க மெஷின்ல இருந்தப்ப, தப்பாப் போன பீஸை எங்கக்கா ஒளிச்சு வப்பீங்க?"

"நானா? என்ன மேடம், நான் எதுக்கு..."

ஜெசிந்தாவின் முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி சும்மா இருந்தாள்.

சொல்ல வந்த பொய் துளசிமணிக்கு வாயிலேயே நின்றுவிட்டது. எழுந்து படியிறங்கினாள்.

கீழ்மாடியில், வேலைக்கு வருகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற அறை. வரிசையாய் ஐந்து தூளி. நாலு வருசத்துக்கு முன்னால் அவள் மகன் கிடந்ததும் அங்கேதான். வாசலில் பையைச் சோதிப்பார்கள். தூங்குகிற பிள்ளைக்கு அடியில் யார் கை வைப்பார்கள்? அப்போதெல்லாம், பால் கொடுக்கப் போகிற சாக்கில், சட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். விரிப்போடு விரிப்பாய் மடித்துப் போட்டுவிடுவாள். மறுநாள் பார்த்தால் இருக்காது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா குப்பையில் போட்டிருப்பாள் என்று துளசிமணி நினைத்துக்கொள்வாள், விட்டது தொல்லை என்று இருந்துவிடுவாள்.

மூணாவது தூளி கொஞ்சம் மேடாய் இருந்தது. அதில் கோகிலவாணியின் மகள். நாலு மாசம். வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

துளசிமணி பிள்ளையை அலுங்காமல் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையால் விரிப்பை விலக்கினாள். பதினாலு சட்டை. ஒவ்வொன்றிலும் கழுத்துப்பட்டி அலை அலையாய்ச் சுருங்கியிருந்தது. பட்டியைக் கையால் இழுத்து இழுத்துத் தைத்தால் அப்படித்தான் வரும். அவள் தைக்காததா?

பிள்ளை முழித்துக்கொண்டு சிணுங்கியது. மறுபடி தூங்குகிற வரைக்கும் தட்டிக்கொண்டே நின்றாள். மேலே அத்தனை பேரும் காத்திருப்பது நினைவுக்கு வந்தது. சொன்ன சொல்லும் நினைவுக்கு வந்தது.

சட்டைகளோடு மேலே ஏறினபோது மெஷின்கள் ஒன்றொன்றாய் நின்றன. கோகிலவாணி எழுந்துவிட்டாள். சாப்பாட்டுப் பை தோளில் இருந்தது. போகத் தயாராகி நின்றாள்.

"யாருதுக்கா?" என்றாள் ரமீஜா. இந்தத் தடவை அவள் குரலில் கேலி இல்லை.

துளசிமணி சட்டைகளை மேசையில் வைத்தாள்.

"யாருதுன்னு எனக்குத் தெரியல. பிரிச்சுத் தைக்கணும், அவ்வளவுதான். ரமீஜா, உன் பக்கத்து மெஷினுக்கு இன்னிக்கு ஆள் வரலதானே? கோகிலா, நீ அங்க வந்து உக்காரு. ஆளுக்கு ஏழு. பட்டியை இழுக்காம எப்படி விடறதுன்னு அவளுக்குக் காட்டு ரமீஜா."

"வீட்டுக்கு அனுப்பலைன்னா வேலையில இல்லைன்னீங்க?" என்றாள் ரமீஜா.

"சொன்னேன். அதுவும் தப்பாத் தச்சதுதான். பிரிச்சாச்சு, போ."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துளசிமணியும் சிரித்துவிட்டாள். கோகிலவாணி பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

மூன்றரைக்குப் பதினாலும் முடிந்து, மற்றதோடு சேர்ந்து பெட்டிக்குள் போனது. வந்த ஆட்கள் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள்.

அவர்கள் போன பிறகு துளசிமணி ஜெசிந்தாவின் முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், என்னையும் ஒரு நாள் திடீர்னு ரமீஜா பக்கத்துல மாத்தி உக்கார வச்சீங்களே."

"ஆமாக்கா."

"அப்ப, தூளியில இருந்து எடுத்தது ஆயா இல்லீங்களா?"

"ஆயாவுக்கு எதுக்கு அத்தனை சட்டை?"

"எத்தனை தடவை எடுத்தீங்க?"

"எண்ணலக்கா. உங்க பையன் முழிச்சுக்குவான், அதுதான் சங்கடம். தூக்கி வச்சிட்டு நடக்கணும். இறக்கிவிட்டா அழுவான்."

துளசிமணி நினைத்துப் பார்த்தாள். தன் பிள்ளையை ஒரு தோளிலும், தான் ஒளித்த சட்டையை மறு கையிலும் வைத்துக்கொண்டு அந்தச் சின்ன அறையில் இவள் நடந்திருக்கிறாள். மேலே வந்து ஒன்றுமே தெரியாதவள் மாதிரி, சாப்பிட்டீங்களா அக்கா என்று கேட்டிருக்கிறாள்.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே மேடம். நாலு திட்டுத் திட்டியிருந்தாலும் வாங்கியிருப்பேனே."

"திட்டியிருந்தா, அடுத்த தடவை என் கைக்கு எட்டாத இடத்துல ஒளிச்சிருப்பீங்களே அக்கா," என்றாள் ஜெசிந்தா.