கூடுதலாக ஒரு சொட்டு

“எல்லாம் நீலம்தான் டீச்சர். ஆனா அவ இதுல இல்லையே!”

பூவலிங்கம் தூக்கி வந்த படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

பழைய கதவுப் பலகை. அதன்மேல் தண்ணீர் பாட்டில் மூடி, அறுந்த செருப்பு வார், உடைந்த வளையல், தார்ப்பாய்த் துண்டு. எல்லாம் நீலம். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் ஊர்க் குப்பையை எல்லாம் கிளறியிருந்தார்.

டீச்சர் நிலோபருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். கழித்துப்போட்ட பொருட்களில் படம் செய்யக் கற்றுத் தருகிறவர். இரண்டே விதி வைத்திருந்தார். ஒரு படத்துக்கு ஒரே நிறம். அந்த நிறமும் பொருளோடு வந்ததாக இருக்க வேண்டும், வர்ணம் பூசக் கூடாது.

“நாளைக்குத் தலைத்திவசம். என் வீட்டுக்காரி கனகத்துக்கு நீலம்னா உசிரு. போட்டோவுக்குப் பதிலா இதை மாட்டணும்னு நெனச்சேன். மாட்டினா என்ன தெரியும்? குப்பைதான் தெரியும்.”

“இதுல அவங்க பொருள் எது?”

“ஒண்ணுகூட இல்ல. நீலச் சேலையெல்லாம் பிள்ளைக எடுத்துட்டுப் போயிட்டாளுக. பீரோவைக் கவுத்துப் பாத்துட்டேன். ஒரு நீல நூல் கெடையாது.”

நிலோபர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“வேட்டி புதுசா?”

“நான் என்ன கேக்கேன், நீங்க என்ன கேக்கீங்க!”

கோபம் வந்தால் பூவலிங்கத்துக்கு மூக்குதான் முதலில் சிவக்கும். சிவந்தது.

“பழசு. கரையோரம் கிழிஞ்சாச்சு. அவ கடைசியாத் துவைச்சு மடிச்சு வச்சது. இத்தன நாளா எடுக்க மனசு வரல. இன்னைக்குத்தான் கட்டினேன்.”

நிலோபர் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

“உக்காந்து, இதை மடியில வைங்க.”

வைத்தார்.

“வெறுந்தாளு. இதுல என்ன இருக்கு?”

“தாளைப் பாக்காதீங்க.”

பூவலிங்கம் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

தாள் வெள்ளையாக இருந்தது. வேட்டி வெள்ளையாக இல்லை.

“அடி பாவி மக!”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன.

“வெள்ளைத் துணி அலசுற தண்ணியில சொட்டு நீலம் எப்பவும் ஒரு சொட்டு கூடத்தான் விடுவா. தெருவே கேலி பண்ணும். கேக்கவே மாட்டா.”

கொஞ்ச நேரம் வேட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கையை நீட்டினார்.

“கத்தரிக்கோலைக் குடுங்க.”

“தாரேன். முதல்ல வீட்டுக்குப் போயி வேற வேட்டி கட்டிட்டு வாங்க.”