சேறு என்று எழுதிய நீல ஓடு

சத்தியம்! என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள்மேல் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் அவை இப்போதே உதிரட்டும்.

முன்னொரு காலத்தில் மயில்கோட்டையை மருதவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஆசை வந்தால் மதியத்துக்குள் நடந்தாக வேண்டும் அவனுக்கு. ஒருநாள், கொலுமண்டபச் சுவர் முழுக்க மயில்கழுத்து நீலத்தில் பூ ஓடு பதிக்க ஆசைப்பட்டான். இப்போது டைல்ஸ் என்கிறீர்களே, அதேதான். மந்திரி அம்பலவாணர் செங்கமலம் என்ற ஓட்டுக்காரியைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்.

மந்திரி எதைக் கொண்டுவந்தாலும் அவைப்புலவர் சபாபதிராயருக்கு வயிறு எரியும். ராஜாவைப் பட்டறைக்கே இழுத்துப்போனார்.

"பாருங்கள் பிரபு! நீலம் கேட்டீர்கள். இவள் சாம்பல் நிறச் சேற்றைப் பூசியிருக்கிறாள்!"

"சூளையில வெந்தா நீலமாகும், மகாராஜா" என்றாள் செங்கமலம்.

"ஆமாம், எருமையை வேகவைத்தால் மயிலாகும்!" என்றார் ராயர்.

ராஜா கொதித்தான். "எல்லாவற்றையும் உடையுங்கள்! இவளை எல்லைக்கு அப்பால் துரத்துங்கள்!"

மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து வரைந்த ஓடுகள். செங்கமலம் அவற்றின் முன்னால் போய்க் கைவிரித்து நின்றாள்.

மந்திரி கைகூப்பினார். "ராயர் கண்டுபிடித்த மோசடி லேசானதா, பிரபு? ஓலையில் எழுதினால் செல்லரிக்கும். இந்தச் சேற்றாலேயே அவர் ஓர் ஓட்டில் எழுதட்டும். சுட்டுவைத்தால் அவர் பெயர் நிலைக்கும்."

ராயருக்கு உச்சி குளிர்ந்தது. எழுதினார்: 'இது வெறும் சேறு. நீலமானால் நான் மடையன். இப்படிக்கு, சபாபதிராயர்.'

"ஏம்மா, ஒரே ஓட்டுக்குச் சூளை மூட்டுவார்களா?" என்றார் மந்திரி.

"மாட்டாங்க ஐயா. நிறைய அடுக்கினாத்தான் சூடு நிக்கும்."

"அப்படியானால் உடைக்கப்போகிற ஓடுகளையே அடுக்கு. வெந்தபின் உடைத்தால் போயிற்று."

ராஜாவும் தலையாட்டிவிட்டான். சூளை எரிந்து, ஆறி, திறந்தால்... மயில் தோகை விரித்ததுபோல் நீலம்! அத்தனைக்கும் நடுவில் பளபளவென்று 'நான் மடையன்'.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ராயரே, யார் கையெழுத்து இது?"

"கை... என்னுடையதுதான், பிரபு."

ராஜா தன் சால்வையை மந்திரிக்குப் போர்த்தினான். "செங்கமலம், ராயருக்கு என்ன தண்டனை? நீயே சொல்."

அவள் ஓட்டைத் தடவிப் பார்த்தாள். "எழுத்து முத்து முத்தா இருக்கு, மகாராஜா. எனக்கு எழுத வராது. சுவரோர ஓடுகள்ல பாட்டு எழுத இவரை எங்கிட்ட விடுங்க."

ராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூரிகையை வாங்கினார்.

அந்த மடையன் ஓட்டைத் தன் சிம்மாசனத்துக்கு எதிரே பதிக்கச் சொன்ன ராஜா, ராயரின் பெயரைமட்டும் தன் கையாலேயே சுண்ணாம்பு பூசி மறைத்தான். "துரத்தச் சொன்னது நான்தானே? கோபம் வரும்போதெல்லாம் நான் வாசிக்க வேண்டியது அது."

கேட்டாயிற்றா? நான் சொன்னேன் என்று மட்டும் எவரிடமும் மூச்சு விடாதீர்கள். ராயரின் வம்சத்தார் நம் தெருக்கோடியில்தான் இருக்கிறார்கள்!